ஓராவின்ர வழும்பு

கடற்கரையில எனக்கு ஒரு பட்டப்பேர் இருந்துது: சளி ரீச்சர். முகத்துக்கு நேர ஒருத்தரும் சொல்லமாட்டினம். நான் றெஜிபோம் ஐஸ்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாழ்வுபாட்டுக் கரையில இறங்க, வலை தட்டிக்கொண்டிருக்கிற ஆராவது ஒருத்தர் தொண்டையைச் செருமுவார், மற்றவை குனிஞ்சுகொண்டு சிரிப்பினம். எனக்கு வாற கோபத்துக்கு அளவில்லை. ஆனால் என்ன செய்யிறது, பட்டம் பிழையில்லை. நான் செய்தது அந்த வேலைதான். மீனின்ர மேலில வழுவழுவெண்டு கிடக்கிற வழும்பைப் பஞ்சுக்குச்சியால துடைச்சு, சின்னக் குழாயில போட்டு மூடி, ஐசுக்குள்ள வைக்கிறது. அதுக்காகத்தான் ஒரு பல்கலைக்கழகம் என்னை மேற்படிப்புக்குப் பதிஞ்சு வைச்சிருந்துது.

என்ர ஊர் தாழ்வுபாடுதான். கலியாணம் கட்டி மன்னார் ரவுணுக்குப் போய், அங்க ஒரு பள்ளிக்கூடத்தில உயர்தரப் பிள்ளையளுக்கு உயிரியல் படிப்பிக்கிறன். படிப்பிக்கிறவளுக்கு இனி என்ன படிப்பு எண்டு கேட்டவை கனபேர். என்ர மனுசன் மட்டும் கேக்கேல்லை, அந்தளவில அவர் நல்லவர். கேட்டவைக்கு நான் மறுமொழி சொல்லுறதில்லை. சொல்லியிருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பன்: ஆரோ எங்கேயோ கண்டுபிடிச்சதை வருசா வருசம் பலகையில எழுதி அழிச்சு எனக்கு அலுத்துப்போச்சு. எங்கட கடலைப் பற்றி ஒரு வரியாவது நான் கண்டுபிடிச்சதா இருக்கோணும் எண்டு ஆசைப்பட்டன். பேராசை ஒண்டுமில்லை, ஒரே ஒரு வரி.

மீனின்ர வழும்பை ஆரும் மதிக்கிறேல்லை. அரிவாளில வழுக்கும், கையில நாறும், அவ்வளவுதான். ஆனால் அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத பற்றீரியாக்கள் ஒரு ஊராக் குடியிருக்கு. சிலது மீனை நோயில இருந்து காக்கும், சிலது சும்மா கிடக்கும், சிலது மீன் எப்ப சோரும் எண்டு பார்த்துக்கொண்டிருக்கும். எங்கட ஊர்ச் சனத்தை மாதிரித்தான். குஞ்சு மீனில இருக்கிற கூட்டம் வேற, முத்தின மீனில இருக்கிற கூட்டம் வேற. கலங்கின தண்ணியில இருக்கிற மீனில ஒரு கூட்டம், தெளிஞ்ச தண்ணியில இருக்கிறதில இன்னொரு கூட்டம். என்ர கேள்வி இதுதான்: இதில எதின்ர கை ஓங்கியிருக்கு? வயசின்ரயா, தண்ணியின்ரயா?

இதுக்கு ஓரா மீனை விட்டா வேற மீன் இல்லை. ஓராக் குஞ்சு கரையோரக் கடற்புல்லுக்குள்ள, முழங்கால் தண்ணியிலயே நிக்கும். வளர்ந்தபிறகு ஆழத்தில இருக்கிற பவளக் கல்லுப்பாருக்குப் போயிடும். ஒரே சாதி மீன், ரெண்டு வயசு, ரெண்டு வீடு. அதோட எங்கட மன்னார்த் தீவுக்குத் தெற்க ஒரு கடல், வடக்க ஒரு கடல். தெற்குத் தண்ணி வேற குணம், வடக்குத் தண்ணி வேற குணம். பெருநிலத்தில வெள்ளாங்குளம் பக்கம் போனால் அது இன்னொண்டு. ஒரு மேற்படிப்புக்கு இதைவிட என்ன வேணும்? கடவுளே எனக்காக அளந்து வைச்ச மாதிரி எண்டு நினைச்சன். அப்ப எனக்கு அப்பிடியெல்லாம் நினைப்பு வரும்.

குஞ்சுகளை நானே பிடிச்சன். சனிக்கிழமையில பாவாடையைச் சொருகிக்கொண்டு புல்லுக்குள்ள இறங்கி, கைவலையால கோலி, தண்ணிக்குள்ள நிண்டுகொண்டே ஒவ்வொண்டாத் துடைச்சுவிடுவன். ஓராவின்ர முள்ளுக் குத்தினால் கை தோள்மட்டும் கடுக்கும். எனக்குக் குத்தாத விரல் இல்லை. இழுவைமடிகள் உழுதுபோட்ட இடங்களில புல்லே இருக்காது, மண் கலங்கிக் கிடக்கும், அங்க ஒரு குஞ்சும் இருக்காது. திட்டித்திட்டி அடுத்த இடத்துக்கு நடப்பன். பின்னால காற்றாலைகள் விர்ரெண்டு சுத்திக்கொண்டு நிக்கும்.

பெரிய ஓராவுக்குத்தான் அண்ணன் வேணும். பாருக்குப் போட்டில போகோணும், எங்கட ஊரில பொம்பிளையளைப் போட்டில ஏத்தமாட்டினம். நான் படிச்சவள், ரீச்சர், பல்கலைக்கழகம் எண்டு எதைச் சொன்னாலும் ஏத்தமாட்டினம். அண்ணன் சொன்னார், "நீ ஏன் பிள்ளை வரோணும்? நான் எதுக்கு இருக்கிறன்?" எண்டு. என்னைவிட நல்லா மூத்தவர். அப்பா போனபிறகு வீட்டில ஆம்பிளைக் குரல் அவற்ற குரல்தான். நான் அவருக்குத் தெளிவாச் சொன்னன். பிடிச்ச உடனே ஒவ்வொரு மீனையும் தனித்தனிப் பையில போடுங்கோ, எந்த இடத்து மீன் எண்டு பையில எழுதுங்கோ, ஐஸ் போடுங்கோ, மீனை ஒண்டும் செய்யாதேங்கோ. "சரி பிள்ளை" எண்டார்.

அவர் சொன்னபடி செய்தார். அதில ஒரு குறையும் சொல்லேலாது. தெற்குப் பாரில தானே பிடிச்சார். வடக்குக் கடலுக்குக் காத்துப் பார்த்துப் போனார். வெள்ளாங்குளத்துக்கு மோட்டச்சைக்கிளில போய், அங்க தொழில் செய்யிற கூட்டாளியோட கடலுக்கு இறங்கிப் பிடிச்சுக்கொண்டு வந்தார். சனிக்கிழமை பின்னேரம் குளிச்சு, நல்ல சேட்டுப் போட்டு, பெட்டியைப் பின்னால கட்டிக்கொண்டு என்ர கேற்றடிக்கு வருவார். "பல்கலைக்கழகத்துக்கு மீன் வந்திருக்கு" எண்டு வாசலில நிண்டு கூப்பிடுவார். பெட்டிக்குள்ள பைகள் அடுக்கா இருக்கும், எழுத்து வடிவா இருக்கும், மீன் பளபளவெண்டு இருக்கும்.

துடைச்ச குழாய்களைக் கொழும்புக்கு அனுப்பினால், அங்க ஒரு ஆய்வுகூடம் எந்தெந்தப் பற்றீரியா எவ்வளவு எண்டு கணக்கெடுத்து அனுப்பும். முடிவு வந்த நாள் நான் பள்ளிக்கூட ஆசிரியர் அறையில இருந்தன். போனில திறந்து பார்த்தன். குஞ்சுகள் இடத்துக்கு இடம் வேற வேற. தெற்குக் குஞ்சில ஒரு கூட்டம், வடக்குக் குஞ்சில இன்னொரு கூட்டம். ஆனால் பெரிய ஓராக்கள் எல்லாம் ஒண்டு. எந்தக் கடலில பிடிச்சிருந்தாலும் ஒரே கூட்டம்தான். என்ர ஆய்வை மேற்பார்வை செய்யிற பேராசிரியருக்கு உடனே எடுத்தன்.

பேராசிரியர் போனிலயே கத்தினார். "பிள்ளை, இது சின்ன விஷயமில்லை! சின்னதில தண்ணி ஆளுது, பெரிசில வயசு ஆளுது. முத்தின மீன் தன்ர கூட்டத்தைத் தானே கட்டிக் காக்குது. கடல் மாறினாலும் அது மாறாது!" எண்டார். அந்த வசனத்தை நான் ஒரு மாநாட்டு மண்டபத்தில, நல்ல சீலை உடுத்துக்கொண்டு, ஒலிவாங்கியில சொன்னன். கைதட்டினவை. நான் அதை என்னைப் பற்றியும்தான் சொன்னன். சண்டைக்குள்ள ஓடி, முகாமில இருந்து, திரும்பி வந்து, ரவுணுக்குக் கட்டிப் போய், எத்தினை தண்ணி மாறியும் நான் நானாத்தான் இருக்கிறன் எண்டு எனக்கொரு இறுமாப்பு. ஓராவும் என்ர பக்கம் நிக்குது எண்டு பூரிச்சுக்கொண்டிருந்தன். மடைச்சி!

எழுதுற வேலை மட்டும்தான் மிச்சம். பல்கலைக்கழகப் பதிவை நீட்டி நீட்டி இனி நீட்டேலாது எண்ட கட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தன். வைகாசியில சோளகக் காத்து எழும்ப முதல் ஆய்வு முழுக்க ஒப்படைக்கோணும், இல்லாட்டிப் பேரை வெட்டிப்போடுவினம். அது எனக்குப் பிரச்சினையாத் தெரியேல்லை. இன்னும் கொஞ்சப் பெரிய மீன் எடுத்துச் சரிபார்த்தால் எல்லாம் முடிஞ்சுது எண்டு இருந்தன்.

பள்ளிக்கூட விடுமுறை. வெள்ளாங்குளத்தால மீனோட வாற வழியில அண்ணன்ர மோட்டச்சைக்கிள் பழுதாப்போய்க் கராச்சில நிக்குது, அவர் வரமாட்டார் எண்டு அண்ணி போனில சொன்னா. மீனை எடுக்க நானே ஓட்டோ பிடிச்சு ஊருக்குப் போனன். விடிஞ்சு கொஞ்சநேரம்தான். கரையில நாய்களும் காகங்களும். போட்டுகளுக்கு அங்கால, மீன் வெட்டின குடலும் செதிலும் மிதக்கிற ஓரத்தண்ணியில, அண்ணன் குந்திக்கொண்டிருந்தார். பக்கத்தில என்ர பைகள். வெள்ளாங்குளம் எண்டு எழுதின பையில இருந்து ஒரு பெரிய ஓராவை எடுத்தார். முள்ளுப் படாமல் தலைப்பக்கமாப் பிடிச்சு, உள்ளங்கையால தலையில இருந்து வால்மட்டும் அழுத்தித் தேய்ச்சார். திருப்பித் தேய்ச்சார். தண்ணியில அலசி, வெளிச்சத்துக்குப் பிடிச்சுப் பார்த்து, திரும்பவும் ஒருக்கா அலசி, புதுப் பையில போட்டு, வெள்ளாங்குளம் எண்டு ஆறுதலா எழுதினார்.

"அண்ணா, என்ன செய்யிறியள்?"

"ஆ, வந்திட்டியா? உன்ர மீன்தான். இந்தா, முடியப்போகுது."

"கழுவுறியளா?"

"பின்ன? பைக்குள்ள கிடந்து வழும்பு கட்டிப்போய்க் கிடக்கு. இப்பிடியே கொண்டுவந்து உன்ர வாசலில வைக்கச் சொல்லுறியா?"

"எப்ப இருந்து கழுவுறியள்?"

"எப்ப இருந்தெண்டால்? முதல் நாளில இருந்துதான்."

"நான் மீனை ஒண்டும் செய்யாதேங்கோ எண்டு சொன்னனான்தானே, அண்ணா!"

அவர் நிமிர்ந்து பார்த்தார். உண்மையாவே அவருக்கு விளங்கேல்லை. "நான் என்ன செய்தனான்? வெட்டினனானா? குடல் எடுத்தனானா? செதிலைத் தொட்டனானா? கழுவினதெல்லாம் ஒரு செய்கையே?"

எங்கட கரையில மீன் கழுவுறது வேலைக் கணக்கில சேராது. அது மரியாதை. சந்தைக்குப் போற மீனை அப்பிடியே குவியலாக் கொட்டுவினம். பங்குச் சுவாமியாற்ற வீட்டுக்குப் போற மீன், சம்பந்தி வீட்டுக்குப் போற மீன், கட்டிக் குடுத்த சகோதரி வீட்டுக்குப் போற மீன், இதெல்லாம் வழும்பு போகத் தேய்ச்சுக் கழுவித்தான் போகும். பிறந்த நாளில இருந்து எனக்குத் தெரிஞ்ச விஷயம். தெரிஞ்சதாலதான் கண்ணில படேல்லை. மூக்கு எங்க இருக்கெண்டு ஆர் பார்த்துக்கொண்டு திரியிறது?

மண்ணில அப்பிடியே இருந்திட்டன். தெற்கு, வடக்கு, வெள்ளாங்குளம் எண்டு எழுதின பெரிய ஓரா அவ்வளவும் இந்த ஒரு ஓரத்தண்ணியில, இந்த ஒரு உள்ளங்கையில கழுவுப்பட்டிருக்கு. பிறகு எல்லாத்திலயும் ஒரே கூட்டம் இல்லாமல் வேற என்ன இருக்கும்? நான் இவ்வளவு காலமும் ஆராய்ஞ்சது ஓராவை இல்லை, என்ர அண்ணன்ர கையை. அதைத்தான் சீலை உடுத்துக்கொண்டு போய் ஒலிவாங்கியில சொல்லியிருக்கிறன். சிரிப்பும் வந்துது, அழுகையும் வந்துது, தலையைக் கையில பிடிச்சுக்கொண்டன். அண்ணன், "என்ன பிள்ளை, தலை சுத்துதா?" எண்டு கேட்டார்.

பேராசிரியருக்கு அண்டைக்கே எடுத்துச் சொன்னன். அவர் கேட்டார், "இது ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும், சேர்."

"வேற ஆருக்கு?"

அந்தக் கேள்வியை நான் சாகுமட்டும் மறக்கமாட்டன். எவ்வளவு மென்மையாக் கேட்டார் தெரியுமே! மருந்து குடிச்சியளா எண்டு கேக்கிற மாதிரி. "மீன் கரையில வைச்சு எடுக்கப்பட்டது எண்டு ஒரு வரி போட்டுவிடுவம். பொய்யில்லைத்தானே" எண்டார். எனக்குக் கோபம் உச்சியில ஏறிச்சுது. கண்டுபிடிச்ச வரி எண்டு ஒண்டுக்குத்தான் ஆசைப்பட்டன், கட்டிவிட்ட வரிக்கு இல்லை எண்டு சொன்னன். பெரிய மீன் எல்லாத்தையும் திரும்ப எடுக்கிறன் எண்டன். "சோளகத்துக்கு முதல் முடிப்பியளெண்டால் முடியுங்கோ. முடியாட்டி என்னைக் கேளாதேங்கோ" எண்டு வைச்சிட்டார்.

அண்ணனுக்கு இருத்தி வைச்சு விளங்கப்படுத்தினன். வழும்புதான் எனக்கு வேணும், மீன் இல்லை. கழுவினால் வழும்பு போயிடும், கரைத்தண்ணியில இருக்கிறது வந்து ஏறியிடும். கழுவாதேங்கோ. அவர் தலையை ஆட்டினார். அடுத்த சனிக்கிழமை வந்த பையைத் திறந்தன். மீன் மினுங்குது.

"அண்ணா, கழுவினியளா?"

"சும்மா ஒருக்கா முக்கி எடுத்தனான். தேய்க்கேல்லை, மாதாவாணை."

அதை நான் எடுக்கேல்லை. அடுத்தமுறை, எனக்கு நம்பிக்கையில்லாமல், கரைக்கே போய் நிண்டன். போட் வந்து ஏற, அண்ணன் பைகளை இறக்கினார். மீன் மினுங்கினதிலயே தெரிஞ்சுது, போட் வாற வழியில கடலுக்குள்ள வைச்சு அலசியிருந்தார். என்ர கண்ணுக்கு முன்னால கரையில கழுவேலாது எண்டு அங்கயே செய்திட்டு வந்திருக்கிறார் மனுசன்! வலை தட்டினவை எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தினம். "இது எனக்கு வேண்டாம், கொண்டுபோங்கோ" எண்டு சத்தமாச் சொன்னன். ஒருத்தரும் தொண்டையைச் செருமேல்லை. சகோதரன் குடுத்த மீனைத் திருப்பினவள் எண்டு அந்தக் கரையில அதுவரைக்கும் ஒருத்தியும் இருந்ததில்லை. அண்ணன் பைகளை ஒவ்வொண்டா உதறி, சந்தைக்குப் போற குவியலில மீனைக் கொட்டிப்போட்டு, என்னைப் பாராமல் வீட்டுக்கு நடந்தார்.

மற்றப் போட்டுக்காரரைக் கேட்டுப் பார்த்தன். "உங்கட அண்ணன் இருக்கேக்க நாங்கள் எப்பிடி ரீச்சர் தாறது? அதுவும் கழுவாமலோ? பிறகு நாங்கள் அவற்ற முகத்தில முழிக்கிறேல்லையோ?" எண்டினம். பக்கத்துத் தாராபுரத்தில மீன் வியாபாரம் செய்யிற முஸ்லிம் நானா ஒருத்தர் எனக்காக இரக்கப்பட்டு, "பெரிய ஓரா எவ்வளவும் எடுங்க மிஸ், எல்லாம் நல்ல மீன்" எண்டு பெட்டியைத் திறந்து காட்டினார். நல்ல மனுசன். ஆனால் பெட்டிக்குள்ள எல்லா மீனும் ஒண்டுக்கு மேல ஒண்டாக் கிடந்து ஒரே ஐஸ்தண்ணியில ஊறிக்கொண்டிருந்துது. அதில எது எந்த மீனின்ர கூட்டமெண்டு எந்த ஆய்வுகூடத்தாலயும் சொல்லேலாது. நன்றி சொல்லிப்போட்டு வெறுங்கையோட வந்தன். மேகம் ஏற்கெனவே தெற்கால கூடத் தொடங்கியிருந்துது.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு அண்ணனும் அண்ணியும் என்ர வீட்டுக்கு வந்தவை. சமாதானம் பேசத்தான் வந்தவை, எனக்குத் தெரியும். நான் தேத்தண்ணி போட்டுக் குடுத்தன். அண்ணன் கதிரை நுனியில இருந்துகொண்டு மெல்லமாத் தொடங்கினார்.

"பிள்ளை, நீ வேற என்ன கேட்டாலும் செய்வன். இது மட்டும் என்னால ஏலாது. கை போகுதில்லை."

"ஏன் ஏலாது? கழுவிறதைவிடக் கழுவாமல் விடுறது கஷ்டமே?"

"நீ ஊருக்குப் புதிசே? கழுவாத மீனை நாங்கள் ஆருக்குக் குடுக்கிறது, சொல்லு பாப்பம்."

எனக்குத் தெரியும். அத்துப் போனவைக்கு. பங்குச் சண்டையில, காணிச் சண்டையில உறவு முறிஞ்சு போனாலும், சேரவேண்டிய மீனை நாங்கள் மறிக்கிறேல்லை. அது பாவம். குடுப்பம், ஆனால் வழும்போட, மண்ணோட, ஆற்றயாவது கையில குடுத்துவிடுவம். வாங்குறவைக்குச் செய்தி விளங்கும். அதுக்குப் பிறகு செத்தவீட்டுக்கும் போகமாட்டினம்.

பதிவு போகப்போகுது, காத்து மாறப்போகுது, இந்த மனுசன் கதிரை நுனியில இருந்துகொண்டு மரியாதை கதைக்கிறார். கோபத்தில எனக்குக் கண் தெரியேல்லை. "அப்ப என்னையும் அத்துப் போனவள் எண்டே நினைச்சுக்கொண்டு தாங்கோ!" எண்டு கத்தினன். "எனக்கு உங்கட மரியாதை வேண்டாம், அண்ணா. வழும்புதான் வேணும்."

அண்ணி தேத்தண்ணிக் கோப்பையைக் கீழ வைச்சிட்டா. அண்ணன்ர முகத்தில கோபம் தெரியேல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் சேர்ந்து கத்தி அழுது முடிச்சிருப்பன். "சரி" எண்டார். எழும்பினார். செருப்பை மாட்டிக்கொண்டு, அண்ணியை முன்னால விட்டிட்டு, கேற்றைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அடுத்த சனிக்கிழமை எங்கட ஊர் ஓட்டோக்காரர் ஒருத்தர் கேற்றடியில நிண்டு கோர்ன் அடிச்சார். பெட்டியை மதிலோரம் இறக்கி வைச்சிட்டு, நான் வாசலுக்கு வரமுதல் வண்டியைத் திருப்பிக்கொண்டு போயிட்டார். திறந்தன். தனித்தனிப் பை, இடப்பேர், ஐஸ், எல்லாம் நான் சொன்னபடி. ஒவ்வொரு மீனிலயும் வழும்பு கண்ணாடி மாதிரிப் போர்த்திக் கிடந்துது, ஒரு விரல் படேல்லை. அது என்ன செய்தியெண்டு எனக்கு விளங்கிச்சுது. ஆனால் ஐஸ் உருகுதல்லோ, முதல்ல பஞ்சுக்குச்சியைத்தான் எடுத்தன். எல்லாத்தையும் துடைச்சு முடிச்சு, குழாய்களைப் பெட்டியில அடுக்கிப்போட்டுத்தான் குசினியில இருந்து அழுதன்.

இப்பிடியே ஆய்வுக்குத் தேவையான மீன் எல்லாம் சேரும்வரைக்கும் வந்துது. வடக்கு, தெற்கு, வெள்ளாங்குளம், ஒண்டும் தவறேல்லை. நான் இடையில ஒருக்கா ஊருக்குப் போனன். அண்ணன் முற்றத்தில கிழிஞ்ச வலையைப் பொத்திக்கொண்டிருந்தார்.

"மீன் வந்துதா?" எண்டார், நிமிராமல்.

"வந்துது அண்ணா."

"சரியா இருந்துதா?"

"ஓம்."

"பின்ன என்ன?"

"அண்டைக்குக் கோபத்தில ஏதோ சொல்லிப்போட்டன், அண்ணா."

"நான் கோபத்தில செய்யேல்லை. நீ கேட்டதைத்தான் செய்யிறன்" எண்டார். அண்ணி குசினி வாசலுக்கு வந்து நிண்டா, இருங்கோ எண்டு சொல்லேல்லை. நான் கொஞ்சநேரம் வெயிலில நிண்டிட்டு வந்திட்டன். அவற்ற கடைசி மகள் கோயிலில முதல் நற்கருணை வாங்கின புதுநன்மைக் கொண்டாட்டம் நடந்தது பிறகு என்ர வகுப்புப் பிள்ளை ஒண்டு சொல்லித்தான் எனக்குத் தெரியும். "ரீச்சர், நீங்கள் ஏன் வரேல்லை?" எண்டு கேட்டுது. பரீட்சைத் தாள் திருத்த இருந்துது எண்டு சொன்னன்.

முடிவு வந்துது. பெரிய ஓராவும் தன்ர கூட்டத்தைக் கட்டிக் காக்கேல்லை. தெற்குப் பெரிசில தெற்குத் தண்ணியின்ர கூட்டம், வடக்குப் பெரிசில வடக்குத் தண்ணியின்ர கூட்டம். வயசுக்கு ஒரு பங்கு இருக்குத்தான், இல்லையெண்டில்லை. ஆனால் அது கொஞ்சம். எந்தத் தண்ணியில நிக்குதோ அந்தத் தண்ணிதான் மேலில ஏறுது, முத்தினதெண்டும் பாக்கிறேல்லை, இளசெண்டும் பாக்கிறேல்லை. முதல் சொன்னதுக்கு நேர்மாறு. பேராசிரியர் வாசிச்சிட்டு, "இதுவும் நல்லாத்தான் இருக்கு பிள்ளை" எண்டார். அவருக்கு எதுவும் நல்லாத்தான் இருக்கும். அதுக்குமேல பேச எனக்கு மனமில்லை.

சோளகம் எழும்ப முதல் ஒப்படைச்சன். பட்டம் கிடைச்சுது. என்ர மனுசனும் பிள்ளையளும் கறுப்பு அங்கியோட என்னை நிப்பாட்டிப் படம் எடுத்தவை. படத்தை அண்ணியின்ர போனுக்கு அனுப்பினன். ரெண்டு நீலக்கோடு விழுந்துது, மறுமொழி இல்லை. பிறகு நானே அண்ணிக்கு எடுத்தன். "ஆராய்ச்சி எல்லாம் முடிஞ்சுது. இனி அண்ணனைக் கழுவாத மீன் அனுப்பவேண்டாம் எண்டு சொல்லுங்கோ. எனக்கு அது இனித் தேவையில்லை" எண்டன். அண்ணி, "ஓம், பக்கத்திலதான் நிக்கிறார், கேட்டுக்கொண்டுதான் நிக்கிறார்" எண்டா. பிறகு மீன் வரேல்லை. நானும் அதை நல்ல குறியா எடுத்தன்.

எங்கட ஊர்க் கோயில் திருநாள் வந்துது. திருநாளுக்குக் கட்டிக் குடுத்த சகோதரிமாருக்கு மீன் அனுப்பாத அண்ணன்மார் எங்கட கரையில இல்லை. விடிய எழும்பி முற்றத்தைக் கூட்டினன், கேற்றைத் திறந்து வைச்சன். இண்டைக்கு அவரே வருவார், வாசலில நிண்டு கூப்பிடுவார் எண்டு ஒரு நினைப்பு. தேத்தண்ணிக்குத் தண்ணியும் வைச்சன். ஓட்டோ சத்தம்தான் கேட்டுது. அதே ஓட்டோக்காரர் பெட்டியை மதிலோரம் இறக்கி வைச்சிட்டுப் போயிட்டார்.

உள்ள ரெண்டு பெரிய விளைமீன். திருநாளுக்கு அனுப்புற மீன்தான், ஒரு குறையும் இல்லை. மேலெல்லாம் வழும்பு, வாலில மண், செவுளுக்குள்ள பாசி. என்ர மனுசன் எட்டிப் பார்த்துப்போட்டு, "பாவம், உன்ர படிப்பு முடிஞ்சது அவருக்குத் தெரியாதுபோல" எண்டார்.

அவருக்குத் தெரியும்.